மூன்றாம் தட்டில் கட்டிய துணி

அந்தச் சிவப்புத் துணியை நக்கல் ஒழுங்காகத்தான் கட்டினான். ஒழுங்காகக் கட்டியதுதான் வினையாகப் போயிற்று.

நக்கல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. சாரம் கட்டுகிற வேலைக்கு வந்த முதல் வாரமே சைட்டில் இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். இருபது வருஷமாக உரிக்க முடியவில்லை. உரிக்க அவன் பெரிதாக முயன்றதும் இல்லை. முதுகு வலிக்கிற வேலை, வாயாவது வலிக்காமல் இருக்கட்டும் என்பது அவன் கட்சி.

நகரத்துக்குப் பக்கவாட்டில் இடம் தீர்ந்து, மேலே மேலே ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நகரம் ஏறுவதற்கு முன்னால் ஏறுகிறவன் சாரக்காரன். இரும்புக் குழாய்களை நட்டு, குறுக்கே குழாய் பூட்டி, தட்டுத் தட்டாகப் பலகை போட்டுக் கட்டுக்கம்பியால் முறுக்குவான். பின்னாலேயே கொத்தனாரும் பெயிண்டரும் அந்தப் பலகைமேல் நடந்து போவார்கள், கீழே தரை என்று ஒன்று இருப்பதை மறந்து. சாரத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கட்டு சரியில்லாத பலகைக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு சாண் சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். படித்தவன், படிக்காதவன், எந்தப் பாஷைக்காரன் ஆனாலும் துணியைக் கண்டால் அங்கே கால் வைக்க மாட்டான்.

இந்தச் சட்டத்தில் ஒரு தமாஷ் ஒளிந்திருப்பதை நக்கல்தான் கண்டுபிடித்தான். நல்ல பலகைக்குப் பக்கத்தில் துணியைக் கட்டிவிட்டு மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டால் போதும். பெரிய பெரிய மீசைக்காரனெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்று, எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வந்த வழியே இறங்கி அடுத்த ஏணி வழியாகச் சுற்றி ஏறி வருவான். வந்து சேர்ந்ததும் நக்கல் அந்தப் பலகைமேல் குதித்துத் தொம் தொம்மென்று ஒரு ஆட்டம் போடுவான். சைட்டே சிரிக்கும்.

அதிகம் ஏமாந்தவன் அவனுடைய தங்கை புருஷன், பெயிண்டர். மூன்று தரம். மூன்றாம் தரம் வாளி நிறையப் பெயிண்டோடு சுற்றி வந்தான். பாதி வெள்ளை அவன் காலிலேயே அடித்தாகிவிட்டது. சூப்பர்வைசர் ஹெல்மெட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். "அடுத்த வாரம் முதலாளியோட மச்சான் வர்றாரு, அவருக்கும் ஒண்ணு கட்டுடா" என்றார். பெயிண்டர் மட்டும் முழங்கால் வரை வெள்ளையாக நின்று, விரலை நீட்டிச் சொன்னான்: "இனிமே ஏமாந்தேன்னா என்னைச் செருப்பால அடி மச்சான்."

இரண்டு வாரம் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், மூன்றாம் தட்டில் ஒரு பலகையின் கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்திருந்ததை நக்கல் பார்த்தான். கையில் கம்பி இல்லை. இடுப்பிலிருந்த துணியை எடுத்து, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினான். கம்பி எடுக்கக் கீழே இறங்கினான். ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவிக்காரன் டீ குடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தேடிப்போன இடத்தில் டீ சூடாக இருந்தது, கேட்க நாலு பேர் இருந்தார்கள். ஒரு கதையை ஆரம்பித்தான். கதை முடிகிற இடத்துக்கு வருவதற்குள் சாரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டைல்ஸ் பெட்டிகள்மேல் ஆள் விழுகிற சத்தம் எப்படியிருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

பெயிண்டரை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியதும் சூப்பர்வைசர் நக்கலைக் கன்டெய்னர் ஆபீசுக்குள் கூப்பிட்டார். ஃபேன் ஓடியும் வியர்த்தது. "துணி கட்டினியா, இல்லியா?" என்றார்.

"கட்டினேன் சார். சத்தியமா கட்டினேன்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுடு."

போட்டான். ஒரு விநாடி யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டான். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தப்பு தன்னுடையது இல்லை என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக விளையாட்டில்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறான், அதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? சூப்பர்வைசர் வெளியே போய், குழாயில் ஆடிக்கொண்டிருந்த துணியை ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார்.

விபத்து வார்டில் டாக்டருக்கு முன்னால் வந்து சேர்ந்தவர், வக்கீலுக்குக் கேஸ் பிடித்துக்கொடுக்கிற கார்டுக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, நர்சுகளைவிட மரியாதையான குரல். எந்த வண்டி, எந்த மில், எந்தக் கட்டடம் என்று கேட்டுக்கொண்டே பெஞ்சு பெஞ்சாகக் கார்டு கொடுத்து வந்தார். ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நக்கல் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்த டாக்டரிடம் கேட்டான்: "நடப்பானா சார்?"

முதலில் வீக்கம் குறையட்டும் என்றார். வீக்கம் குறைந்தது. முதலில் உட்காரட்டும் என்றார். பெயிண்டர் உட்கார்ந்தான். வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுங்கள், பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்பதைக் கட்டிக்கொண்டு அவர்கள் வீடு வந்தார்கள்.

தங்கை வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஐம்பத்து நாலு படி. லிஃப்டுக்கென்று விட்ட பள்ளத்தில் உடைந்த சைக்கிள்கள் கிடந்தன. ஏற்றுவதற்கு ஒரே வழி முதுகுதான். நக்கல் குனிந்து நிற்பான், தங்கை தூக்கி விடுவாள், பெயிண்டர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். பின்னாலேயே தங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலியைப் போட்டு ஆளை இறக்கி மூச்சு வாங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள், ஏற்றமும் இறக்கமும். "உன் எடைக்கு நான் சிமென்ட் மூட்டை தூக்கியிருந்தா இந்நேரம் சொந்தமா ஒரு கட்டடம் கட்டியிருப்பேன் மாப்ள" என்பான் நக்கல். பெயிண்டர் சிரிப்பான். முன்னைப்போல இல்லை, இருமல்போல ஒன்று.

தங்கை துணிக் கம்பெனியிலிருந்து தைத்த சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து, நீட்டிக்கொண்டிருக்கிற நூல்களை வெட்டிக்கொடுப்பாள். இப்போது பெயிண்டரும் கட்டிலில் சாய்ந்தபடி நூல் வெட்டினான். ஒரு சுவரை ஒரு மூச்சில் அடிக்கிற கை, சின்னக் கத்தரிக்கோலுக்குள் விரலை நுழைக்க முடியாமல் தவித்தது. இதே தெருவில் பூட்டு ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு கீழ் வீடு காலியாக இருந்தது. கதவைத் திறந்தால் தெரு. வண்டி நாற்காலியை உருட்டிக்கொண்டே வெளியே போய்விடலாம். தங்கை அங்கே போய், கட்டில் எங்கே போடுவது, நாற்காலி எங்கே திரும்பும் என்று ஒரு கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதற்கு முன்பணம் வேண்டும், மாதா மாதம் வாடகை வேண்டும். எல்லாம், அந்தக் கார்டில் இருந்த வக்கீலம்மா கம்பெனிமேல் போட்ட நஷ்டஈட்டுக் கேஸ் முடிந்தால்தான். கயிறு ஆணியில் தொங்கியது.

கேஸ் ஆறு மாசம் நடந்தது, அதாவது தேதி மாறியது. பாதுகாப்பு பெல்ட் கொடுக்கவில்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் பெல்ட் கொடுத்ததாகக் கம்பெனி நோட்டில் கையெழுத்து இருந்தது. பெல்ட் மட்டும்தான் இல்லை. அப்புறம் ஒருநாள் வக்கீலம்மா நக்கலைத் தனியாக வரச் சொன்னார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். அலமாரி முழுக்க ஃபைல், ஃபைல் முழுக்க யாரோ ஒருவருடைய கை அல்லது கால். வக்கீலம்மா ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் மேடம்."

"துணி கட்டியிருந்தது, அவர் மதிக்காம கால் வெச்சார், தப்பு அவரோடதுன்னு கம்பெனி சொல்லுது. சாட்சி நீங்க. நம்ம ஆளு காலை உடைச்சது பலகை. கேஸை உடைக்கிறது நீங்க."

"கட்டினேனே மேடம். கட்டினதைக் கட்டினேன்னுதானே சொல்ல முடியும்."

"சரி, கட்டினீங்க. இத்தனை வருஷம் சாரத்துல நடந்தவர், துணியைப் பாத்தும் ஏன் கால் வெச்சார்?"

நக்கலுக்குப் பழக்க தோஷத்தில் ஒரு ஜோக் வந்தது. அவன் கால் கொஞ்சம் அவசரக்கால் மேடம் என்றான். வக்கீலம்மா சிரிக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நல்ல பலகையில் துணி கட்டியது, மேலே உட்கார்ந்து பார்த்தது, மூன்று தரம், வெள்ளைக் கால், சூப்பர்வைசரின் ஹெல்மெட். சொல்லச் சொல்லத் தமாஷ் ஒவ்வொன்றும் அவன் வாயிலேயே அசிங்கமாக மாறியது. இதையா சொல்லிச் சொல்லிச் சிரித்தோம் என்றிருந்தது.

"ஆறு மாசமா இதை ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம்."

"இப்ப நானும் கேக்கல. நீங்களாத்தான் சொன்னீங்க." ரொட்டியைக் கீழே வைத்தார். "கவனமாக் கேளுங்க. அந்தத் துணிக்கு மதிப்பில்லாமப் பண்ணது நீங்க. தெரிஞ்சும் தடுக்காமக் கூடச் சிரிச்சது கம்பெனி ஆளு. அப்ப அது எச்சரிக்கையே கிடையாது. இதை நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும். அவரும், 'துணியைப் பாத்தேன், வழக்கமான விளையாட்டுன்னு நெனச்சேன்'னு சொல்லணும். ரெண்டும் சேந்தாத்தான் நிக்கும். ஒண்ணு மட்டும் இருந்தா விழுந்துடும்."

"எனக்கு என்ன ஆகும் மேடம்?"

"வேலை போகும்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல, பாத்துக்கலாம்" என்று அவரும் டாக்டரைப் போலவே முடித்தார். நக்கல் யாரையும் குறை சொல்ல முடியாது. அவனே இருபது வருஷமாக எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னவன் இல்லை.

ஐம்பத்து நாலு படியை அன்று வெறும் முதுகோடு ஏறியபோதும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போனான். உள்ளே இரண்டு பேரும் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா ஆபீசில் பேசியதையெல்லாம் நின்றபடியே சொன்னான். தங்கைக்குச் சைட்டில் நடந்த கூத்து எதுவும் அதுவரை தெரியாது. அவள் கத்தரிக்கோல் மட்டும் நின்றது. பிறகு மறுபடி வெட்ட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

"நீ துணியைப் பாத்தியா மாப்ள?" என்று கேட்டான் நக்கல்.

"ஞாபகமில்ல மச்சான்."

"பளிச்சுன்னு இருந்துச்சே. பாக்காம இருக்க முடியாதே."

"விழுந்ததுல எல்லாம் கலங்கிப்போச்சு. வக்கீலம்மா எப்படிச் சொல்லணும்னு சொல்றாங்களோ அப்படிச் சொல்லிடலாம்." சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைத் திருப்பி நூலைத் தேடினான்.

அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நக்கல் எத்தனையோ தரம் கேட்டான். சவரம் செய்துவிடும்போது, காலைப் பிடித்து மடக்கி நீட்டும்போது, வண்டியில் போகும்போது. ஒரே பதில்தான். தங்கை அவனோடு பேசுவதை நிறுத்தினாள். டீ மட்டும் கொடுத்தாள், சர்க்கரை போடாமல். அவன் அதை முகம் சுளிக்காமல் குடித்தான். இந்த வீட்டில் தனக்கு விதிக்கப்பட்ட தண்டனை இவ்வளவுதான் என்றால் டம்ளரை நக்கிக்கூடக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பெயிண்டரின் ஃபோன் அடித்தது. வெகுநேரம் காதில் வைத்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரென்று கேட்டதற்கு ராங் நம்பர் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராங் நம்பரை இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவன் இவன்தான் என்று நக்கல் கிண்டல் செய்தான். அவன் திரும்பவில்லை.

கோர்ட்டில் பெயிண்டரை முதலில் கூப்பிட்டார்கள். நக்கல்தான் தூக்கிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தான். வைத்துவிட்டு வெளியே வந்து தன் முறைக்காக வராந்தாவில் காத்திருந்தான். பிறகு அவனைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னான், ஒரு சிரிப்பு மிச்சம் வைக்காமல். சூப்பர்வைசரைக் கையைக் காட்டிச் சொன்னான். சூப்பர்வைசர் மேலே ஓடாமல் நின்றிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் நிதானமாக எழுந்தார். வயசான, சளி பிடித்த மனிதர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, உங்களை சைட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். நக்கல் சொன்னான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம் என்றார் வக்கீல். அப்புறம் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "துணி எதையும் நான் பார்க்கவில்லை" என்று சற்று முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருக்கிறார். இரண்டு தரம் கேட்டும் அதையே சொல்லியிருக்கிறார். துணியைப் பார்க்காதவர், துணியை விளையாட்டென்று நினைத்துக் கால் வைத்தார் என்றால் அது எப்படி?

நக்கல் தன் தரப்பு வக்கீலம்மாவைப் பார்த்தான். அவர் பேனாவின் மூடியை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சைட் வாசலில் வாட்ச்மேன் அவனை உள்ளே விடவில்லை. பக்கத்து சைட்டுகளுக்கும் சேதி போயிருந்தது. தன் வாயால் தானே ஒப்புக்கொண்ட சாரக்காரனை எவன் கூப்பிடுவான்? விளம்பரப் பலகை கட்டுகிற ஒரு ஆள்தான் வேலை கொடுத்தார். முதல் பலகையே ஒரு வக்கீல் ஆபீசுடையது. விபத்தா, கவலை வேண்டாம் என்று ஆள் உயர எழுத்து, பக்கத்தில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற ஒரு வாலிபன். ஆறு மாசமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், கட்டுப் போட்டவன் எவனும் இப்படிச் சிரிப்பதில்லை. நக்கல் அந்தப் பல்வரிசைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நட்டு முறுக்கினான்.

தீர்ப்பு வந்த நாளில் காலையிலிருந்தே புழுக்கம். எச்சரிக்கை இருந்திருக்கிறது, தொழிலாளி கவனிக்கவில்லை, ஆனாலும் நிலைமையைக் கருதி என்று ஒரு தொகை சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கடனையும் வக்கீல் ஃபீசையும் கழித்தால் அது கீழ் வீட்டு வாசல்படி வரைக்கும் வரும், உள்ளே போகாது. அப்பீல் போகலாமா என்று கேட்டதற்கு வக்கீலம்மா யோசிக்கலாம் என்றார். அவர் கண் அடுத்த ஃபைலில் இருந்தது. அவரைச் சொல்லியும் பயனில்லை, அந்த ஃபைலில் இருந்தவனுக்குக் கை இல்லை.

வண்டியிலிருந்து இறக்கி, மாடிப்படியின் அடியில் நக்கல் குனிந்தான். தங்கை தூக்கிவிட்டாள். நாற்காலியோடு பின்னால் வருவாள் என்று பார்த்தால், நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னால் வேகமாக ஏறிப் போய்விட்டாள். முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலி போடப்பட்டிருந்தது. ஆளைக் காணோம். மேலே கதவு திறக்கிற சத்தமும், ஏதோ இழுபடுகிற சத்தமும் கேட்டன. பெயிண்டரை உட்காரவைத்து நக்கல் படியில் உட்கார்ந்தான். மேலேயிருந்து தங்கை ஒரு சட்டை மூட்டையைச் சுமந்து இறங்கினாள். கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய நாள் அது. மூட்டை வாயைக் கட்டியிருந்தது ஆணியில் தொங்கிய அந்த முடிச்சுக் கயிறு. இருவரையும் பார்க்காமல் தாண்டிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தெருவில் கலந்தது.

நக்கல் மறுபடி குனிந்தான். கழுத்தைச் சுற்றிக் கை வந்தது. ஏழு படி ஏறினான். பெயிண்டரின் தாடை அவன் தோளில் இடித்தது. முகம் தெரியாத அந்தத் தைரியத்தில் இன்னொரு தரம் கேட்டான்.

"கேஸும் முடிஞ்சுபோச்சு. இப்பவாவது சொல்லு மாப்ள. துணியைப் பாத்தியா, இல்லியா?"

இரண்டு படி போயிற்று.

"பாத்தேன்."

நக்கல் நின்றான்.

"நல்லாப் பாத்தேன் மச்சான். மேல நீ உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். இன்னிக்கு உன்கிட்ட ஏமாற மாட்டேன்டான்னு சிரிச்சுக்கிட்டேதான் கால வெச்சேன்."

"அப்புறம் ஏன்டா கோர்ட்டுல..."

"சூப்பர்வைசர் ஃபோன் பண்ணாரு. பாத்தேன்னு சொன்னா உன்மேல போலீஸ் கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவோம்னாரு. நீ உள்ள போயிட்டா என்னை யாரு தூக்குறது?"

இது ஜோக்கா இல்லையா என்று நக்கலுக்குத் தெரியவில்லை. வழக்கமாக அந்தச் சந்தேகம் மற்றவர்களுக்குத்தான் வரும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"எம்மேல கோவமா மாப்ள?"

வழக்கம்போல, அதெல்லாம் ஒன்றுமில்லை, விதி என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தான். அதற்குத் திருப்பிச் சொல்ல ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருந்தான்.

"ஆமா" என்றான் பெயிண்டர். "காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல அதுதான் வருது. நீ சவரம் பண்ணிவிடும்போது வருது. இப்ப உன் முதுகுல இருக்கும்போதும் வருது. போகும்னு தோணல." கழுத்தைச் சுற்றியிருந்த கையைத் தளரவிட்டு மறுபடி இறுக்கிக்கொண்டான். "நட மச்சான். இன்னும் ஒன்றரை மாடி இருக்கு."